கோசலையின் கைகள்

சில வீடுகளில் துயரம் ஒற்றையாக வருவதில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. கணவர் பக்கவாதத்தில் படுத்துவிடுவார். கூடத்தில் மாலை போட்ட படம். உள் அறையில் கட்டில். இரண்டுக்கும் நடுவே கஞ்சிக் கிண்ணத்தோடு ஒருத்தி நடந்துகொண்டே இருப்பாள். அழலாம் என்று உட்கார்ந்தால் மாத்திரை வேளை தப்பிவிடும். மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தால் அழுகை தொண்டையிலேயே நின்றுவிடும்!

அப்படி ஓர் அம்மாவை, பிரதோஷத்தன்று கோயில் பிராகாரத்தில் சந்தித்தேன். ''நேத்து அவர்மேல எரிஞ்சு விழுந்துட்டேன்மா. 'அன்னிக்கு நீங்க தடுத்திருந்தா புள்ள போயிருப்பானா?'ன்னு கேட்டுட்டேன். வாய் வராத மனுஷன்... கண்ணுல தண்ணி விட்டுட்டார். எனக்குப் பாவம் சேருமா?'' என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ராமாயணத்தில் பதில் இருக்கிறது. அதைச் சொல்பவள், ராமனைப் பெற்ற கோசலை.

ராமனின் தேர் கிளம்பிய பிறகு, அது எழுப்பிய புழுதி கண்ணுக்குத் தெரிகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார் தசரதர். புழுதியும் மறைந்தது, மண்ணில் சாய்ந்தார். அவரது வலது கையைப் பிடித்துத் தூக்கியவள் கோசலை. 'ராமனின் தாய் இருக்கும் வீட்டுக்கு என்னைக் கொண்டு போங்கள். வேறெங்கும் என் மனம் ஆறாது' என்றார் மன்னர். அன்று இரவு, அவருக்குப் பார்வை மங்கியது. கண்கள் ராமனோடு போனவை, இன்னும் திரும்பவில்லை. அருகில் இருக்கும் உன்னைக்கூடப் பார்க்க முடியவில்லை. உன் கையால் என்னைத் தொடு என்று கோசலையிடம் கேட்டாராம்.

எண்ணிப் பாருங்கள். மகனைக் காட்டுக்கு அனுப்பிய வயிறு பற்றி எரிகிறது அவளுக்கு. அதே வேளையில், அவனை அனுப்பக் காரணமான கணவரைத் தொட்டுத் தாங்கவும் வேண்டியிருக்கிறது!

கோசலை தெய்வப் பிறவி. பொறுத்துக்கொண்டிருப்பாள் என்றுதானே நினைப்போம்? இல்லை. ராமனை விட்டுவிட்டு வெறும் தேரோடு சுமந்திரர் திரும்பியதும், அவள் பொறுமை உடைந்தது. 'மகனையும் அழித்தீர்கள், என்னையும் அழித்தீர்கள்' என்று வெடித்துவிட்டாள். படுத்த படுக்கையாகக் கிடந்த மன்னர், நடுங்கும் கைகளைக் கூப்பி, 'என்மேல் இரக்கம் வை' என்று மன்றாடினார்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். கூப்பிய அந்தக் கைகளைப் பற்றித் தன் தலைமேல் வைத்துக்கொண்டு கதறினாள் கோசலை. பிள்ளையைப் பிரிந்த சோகம் என்னை இப்படிப் பேச வைத்துவிட்டது. சோகத்தைப் போலப் பகைவன் வேறில்லை. அது தைரியத்தையும் கற்ற அறிவையும் அழித்துவிடுகிறது என்று சொல்லி மன்னிப்பு கேட்டாள். ராமன் போய் ஐந்து இரவுகள்தான்; அவளுக்கோ ஐந்து வருஷமாகத் தோன்றியதாம்.

கோபம் வந்ததற்காக அவளை வால்மீகி முனிவர் குறை சொல்லவில்லை. கோபத்துக்குப் பிறகு அவள் கைகள் எங்கே போயின என்பதையே காட்டுகிறார். அவை கணவரின் கைகளைத் தேடிப் போயின. பேசிய வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால், விட்ட கையைத் திரும்பப் பிடிக்கலாம் அல்லவா?

இன்னொன்றையும் கவனியுங்கள். தசரதருக்கு வந்த நோயே பிள்ளையைப் பிரிந்த நோய்தான். கட்டிலில் கிடப்பவர் நமக்கு நோயாளி மட்டும் அல்ல. அவரும் அதே பிள்ளையின் அப்பா. நமக்காவது சமையலறை இருக்கிறது. ஓடி ஓடி மறக்க வேலை இருக்கிறது. அவருக்கோ கூரையைப் பார்த்துக் கிடப்பதைத் தவிர வேறில்லை. இது புரிந்துவிட்டால், கஞ்சி புகட்டும் கைக்கே ஓர் இதம் வந்துவிடும்.

உறங்கிவிட்ட தாய்

ஆறாம் நாள் இரவு. இளமையில், இருட்டில் யானை என்று நினைத்து ஒரு முனிகுமாரன்மேல் அம்பு எய்ததையும், பார்வையற்ற அவன் பெற்றோர் கொடுத்த சாபத்தையும் கோசலையிடம் சொல்லி அழுதார் தசரதர். பாதி ராத்திரி கடந்ததும் அவர் உயிர் பிரிந்தது.

அப்போது கோசலை என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? உறங்கிக்கொண்டிருந்தாள்! கோசலையும் சுமித்திரையும் புத்திர சோகத்தில் துவண்டு அயர்ந்துவிட்டார்கள். விடிந்து, அரண்மனைப் பெண்கள் எழுப்ப வந்து, கூக்குரல் எழும்பிய பிறகே விழித்தார்கள்.

'கடைசி நேரத்தில் கண் அசந்துவிட்டேனே' என்று காலமெல்லாம் தன்னையே நொந்துகொள்ளும் பெண்கள் எத்தனை பேர்! கோசலைக்கே அது நேர்ந்தது. ஆதிகாவியம் அதைப் பிழையாகச் சொல்லவில்லை. துயரத்தில் தோற்ற உடம்பு அயர்ந்தது என்கிறது, அவ்வளவுதான். ஆகவே, உறக்கம் வந்தால் உறங்குங்கள். கோசலைக்குத் துணையாக ஒரு சுமித்திரை இருந்தாள். நீங்களும் தங்கையையோ, நாத்தனாரையோ, பக்கத்து வீட்டுக்காரரையோ, 'கொஞ்ச நேரம் பார்த்துக்கோங்க' என்று கூப்பிடத் தயங்காதீர்கள்.

''கோசலைக்கு 14 வருஷத்தில் ராமன் திரும்பி வந்தான்; என் பிள்ளை வருவானா?'' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அவர்களுக்காகவே மகாபாரதம் காந்தாரியைக் காட்டுகிறது. பாரதப் போரில் 100 பிள்ளைகளையும் இழந்தவள். பார்வையற்ற, முதிய கணவருக்குத் துணையாக அதன்பிறகும் 15 ஆண்டுகள் அஸ்தினாபுரத்தில் இருந்தாள். அவர் வனம் புகுந்தபோதும் உடன் நடந்தாள். அந்த நடையை மறக்க முடியாது. முன்னால் குந்தி, அவள் தோளில் கை வைத்தபடி, கண்களைக் கட்டிய காந்தாரி, காந்தாரியின் தோளில் கை வைத்தபடி திருதராஷ்டிரர். குந்தியும் கர்ணனைப் பறிகொடுத்தவள்தான். காந்தாரியின் பிள்ளைகளைக் கொன்றவர்களோ, குந்தியின் பிள்ளைகள்! ஆனாலும் ஒரு தாயின் துயரம் மற்றொரு தாய்க்குத் தோள் கொடுத்தது. இழந்தது திரும்பாவிட்டாலும், நடக்கத் துணை கிடைக்கும்.

எள்ளும் தண்ணீரும்

தந்தையின் கடைசி நேரத்தில் ராமனும் அருகில் இல்லை. மயிலாடுதுறை - திருவாரூர் சாலையில், பூந்தோட்டத்தை அடுத்துள்ள திலதர்ப்பணபுரியில், தசரதருக்காக ராமன் எள்ளும் தண்ணீரும் விட்டு வழிபட்டதாகத் தலவரலாறு சொல்கிறது. 'திலம்' என்றால் எள். இங்கே முக்தீஸ்வரரும் சொர்ணவல்லி அம்பாளும் அருள்கின்றனர். மனித முகத்தோடு ஆதி விநாயகர் காட்சி தருகிறார். அருகில் இருக்க முடியாமல் போனவர்களின் தவிப்பையும் தெய்வம் ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு இந்தத் தலம் சாட்சி.

கட்டிலை விட்டு நகர முடியாதவர்கள் கோயிலுக்குப் போகவில்லையே, விரதம் தவறுகிறதே என்று கலங்க வேண்டாம். வேளைக்குக் கொடுக்கும் மருந்தும், புரட்டிப் படுக்க வைக்கும் கையும் பூஜையே. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு, ஐந்து நிமிஷம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கையை எடுத்து உங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி மனசு கலங்குமே என்று மறைத்து வைத்திருக்கும் பிள்ளையின் பெயரை, அவர் காது கேட்க ஒருமுறை சொல்லுங்கள். அழுகை வந்தால் இருவருமாக அழுங்கள். பிறகு, 'ராமா... ராமா...' என்று சொல்லுங்கள். கோசலை அழுதழுது கூப்பிட்ட பெயர் அது. ஒரு தாய் கூப்பிட்டால், அவன் வராமல் இருப்பானா?