அறிந்தவரின் மௌனம்

பழைய சாமான் கடைகளில், துருப்பிடித்த பூட்டுகளுக்கும் கம்பி முறிந்த குடைகளுக்கும் இடையே, கருநிற இசைத்தட்டுகள் அடுக்கிக் கிடப்பதை அன்பர்கள் கண்டிருப்பர். அரக்கும் கற்பொடியும் கலந்து வார்க்கப்பட்டு, நிமிடத்திற்கு 78 முறை சுழலுமாறு அமைந்தவை அவை. கை தவறினால் ஓடுபோல் உடையும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அரக்குக் கரைந்து குரலும் கெடும். 1985ஆம் ஆண்டு தீக்கிரையாகும் வரை, சென்னை மூர் மார்க்கெட் இவற்றைத் தேடுவோர் கூடும் இடமாக விளங்கிற்று.

இவற்றை இனங்காண்பது தனிக் கல்வி. ஒரு பக்கம் மட்டும் ஒலிவரி வெட்டப்பட்டு மறுபக்கம் வெறுமையாக இருப்பின், அது பெரும்பாலும் தொடக்க காலத்தது. லேபிளில் அச்சான எண் விற்பனைக்குரியது. ஒலிவரி முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் இடையே பொறித்திருக்கும் எண்ணே ஒலிப்பதிவுக்குரியது. லேபிள் கிழிந்துபோன தட்டையும் அவ்வெண் காட்டிக்கொடுக்கும். 1902இல் கல்கத்தாவில் பிரெட் கைஸ்பர்க் பதிவு செய்த கௌஹர் ஜானின் தட்டுகளில், பாட்டின் இறுதியில் அவரே தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பதைக் கேட்கலாம். தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் அச்சாயின. அங்குள்ளோர் எது எவர் பாட்டு எனக் குழம்பாதிருக்கவே இந்த ஏற்பாடு என்பர். பழமை வேறு, அருமை வேறு. ஆயிரக்கணக்கில் விற்ற சினிமாப் பாட்டுத் தட்டு எவ்வளவு பழையதாயினும் எளிதிற் கிடைக்கும். சிலரே வாங்கிய தட்டுக்கோ இணை கிடைப்பதரிது.

இங்கேதான் ஒரு வினா எழுகின்றது. தட்டின் அருமையை வாங்குபவர் அறிவார், விற்பவர் அறியார். பத்து ரூபாய் என்கிறார். பொய் எதுவும் பேசாமல் பத்து ரூபாயை நீட்டிவிட்டு வந்துவிடலாமா?

நமது ஷாஃபிஈ, ஹனஃபீ சட்டநூல்களின்படி, ஏமாற்று இல்லாதவிடத்து, விலை தாழ்ந்தது என்பதற்காக மட்டும் வியாபாரம் முறிவதில்லை. ஹன்பலீ அறிஞர்களோ, விலையும் பேரமும் அறியாதவரை ‘முஸ்தர்ஸில்’ எனப் பெயரிட்டு, அவர் பெருநட்டம் அடைந்திருப்பின் வியாபாரத்தை முறிக்கும் உரிமை அளிக்கின்றனர். சரக்குடன் வருவோரைச் சந்தைக்கு வருமுன் எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. சந்தை விலை தெரியாதவரின் அறியாமையை வாங்குபவர் இலாபமாக்கிக்கொள்வதை அத்தடை மறிக்கின்றது.

ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களுடைய பணியாள் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி, உரியவரை அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள், இது இன்னும் பெறுமே என்று தாமே விலையை ஏற்றி ஏற்றி, 800 திர்ஹம் கொடுத்தார்கள். முஸ்லிம்கள் அனைவருக்கும் நலம் நாடுவதாக நாயகத்திடம் பைஅத் செய்தவர்கள் அவர்கள். சட்டம் 300உடன் நிறைவுற்றிருக்கும். அவர்கள் உள்ளம் நிறைவுறவில்லை.

எல்லா விற்பனையாளரும் ஒரு தரத்தவர் என்று நான் சொல்லவில்லை. கடை வைத்திருப்பவருக்குச் சரக்கை அறிவதே தொழில். பத்தில் இழந்ததை மற்றொன்றில் அவர் ஈட்டிக்கொள்வார். அவரிடம் பேரம் பேசுவதில் குற்றம் காண மாட்டேன். கணவரை இழந்த ஒரு மூதாட்டி பரண்மேலிருந்த பெட்டியை இறக்கி வைத்து, “நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் வாப்பா, என்ன பெறும்?” என்று கேட்டால் நிலை வேறு. அக்கேள்வியோடு வாங்குபவர் ஆலோசகராகிவிடுகிறார். அவருடைய அறிவு அமானிதமாகிவிடுகிறது. அப்போதும் வாய் மூடியிருப்பது மௌனமன்று, மோசடியே.

“பல்லாண்டு அலைந்து பெற்ற அறிவுக்குக் கூலி வேண்டாமா?” என்பர் சேகரிப்போர். வேண்டும், அதை வெளிப்படையாகக் கேட்டுப் பெறலாமே. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுண்டு. சாதாரணத் தட்டொன்றுக்குப் பழையது என்ற மயக்கத்தில் ஒருவர் ஆயிரம் கேட்டால், “இது எங்கும் கிடைக்கும்” என்று உடனே விளக்கம் சொல்லும் நாவு, அருமையான தட்டு பத்து ரூபாய்க்கு வரும்போது மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

உண்மையைச் சொன்னால் விலை ஏறி, நம்மைப் போன்ற எளியோர் கைக்குத் தட்டு எட்டாமற்போகலாம் என்பது மெய்தான். ஆயினும் நாடியது குரல் எனில், அதற்குத் தட்டைச் சொந்தமாக்கியே தீரவேண்டும் என்பதில்லை. பொருத்தமான முள்ளுள்ள கருவியில் ஒருமுறை ஓடவிட்டுக் கணினியில் பதிந்துகொள்ள, உடையவரிடம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டால் போதும். ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். படியொன்றை அம்மூதாட்டிக்கும் கொடுத்து வரலாம்.