ஊஞ்சலும் ஏகாந்தமும்

சித்தூரில் மாங்காய் மண்டிகள் நிறைகிற கோடையில்தான் பிள்ளைகளுக்கும் விடுமுறை. வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: இந்த வருஷம் எங்கே போவது? சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிற ஊர். அதனால் ஒரு பிள்ளை பிடதியில் இருக்கிற வொண்டர்லா என்பான். இன்னொருத்தி கிழக்குக் கடற்கரைச் சாலை வி.ஜி.பி. என்பாள். பாட்டி திருமலை என்பார். பாட்டி சொன்னதே பல வீடுகளில் நடக்கும். எந்த இடம் முடிவானாலும், அந்த வீட்டில் ஒருவர் மட்டும் தணிந்த குரலில், “நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்” என்பார்.

அவரைப் பற்றியும், துள்ளிக்கொண்டு கிளம்புகிற மற்றவர்களைப் பற்றியும் நினைத்துப் பார்க்கத் திருமலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அலிபிரியில் தொடங்கி 3,550 படி. ஏறுகிற குடும்பங்களைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாலே போதும். மஞ்சளும் குங்குமமும் ஒவ்வொரு படிக்கும் இட்டுக்கொண்டு குனிந்தபடியே ஏறுகிற அம்மா. நாலு படி முன்னால் ஓடிப்போய், திரும்பி நின்று “கோவிந்தா” என்று கத்துகிற பிள்ளை. மூச்சு வாங்கினாலும் பதில் குரல் கொடுக்கிற அப்பா. மேலே கல்யாணகட்டாவில் மொட்டை போட்டு வெளியே வந்ததும் சின்னவன் முதலில் தொட்டுப் பார்ப்பது தன் தலையை அல்ல, அப்பாவின் தலையைத்தான். சந்தனம் ஈரமாக ஒட்டியிருக்கிற அந்தத் தலையைத் தடவிச் சிரிக்கிறானே, அந்த நேரத்தில் அப்பாவுக்கு உத்தியோகமும் இல்லை, அதட்டலும் இல்லை.

கேளிக்கைப் பூங்கா ராட்டினத்தில் நடப்பதும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். உச்சியிலிருந்து வண்டி சரிகிறபோது ஐம்பது வயதுக்காரரும் ஐந்து வயதுக் குழந்தையும் ஒரே மாதிரி அலறுகிறார்கள். இறங்கியதும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் அங்கே எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. பட்டையை மாட்டிவிட்டால் அப்புறம் நடப்பது நடக்கும். இப்படித் தன்னை ஒப்புக்கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களும் அதை அறிவார்கள். பாலும் உப்புமாவும் கைமாறும். கோயிலுக்குள் செல்போன் கூடாது என்பதால் பேச்சுக்கு ஆள்தான் துணை. பெரியப்பா பழைய கதையெல்லாம் சொல்வார். கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் ஒரே மூச்சில் எழுந்து எழுப்புகிற கோவிந்த நாமம் இருக்கிறதே, அதில் தன் குரல் எது என்று யாருக்கும் தெரியாது. தன் குரல் தனக்கே கேட்காமல் போகிற அந்தக் கணத்துக்காகவே சிலர் வருஷம் தவறாமல் மலையேறுகிறார்கள்.

இதே கணம் வேறொருவருக்குத் துன்பம். நாளொன்றுக்கு அறுபதாயிரம் பேருக்கு மேல் வந்துபோகிற இடத்தில், அவர் மனம் ஒடுங்கிப் போகிறது. “ஜருகண்டி, ஜருகண்டி” என்று நகரச் சொல்கிற குரலும் முதுகில் படுகிற கையும் மட்டுமே அவர் நினைவில் நிற்கின்றன. கருவறை வாசலில் குலசேகரன் படிக்கு அப்பால் கண்ட உருவம் நிற்பதில்லை. அவருக்குப் பக்தி குறைவு என்றோ குடும்பத்தின் மேல் பிடிப்பு இல்லை என்றோ சொல்வது பெரிய அநியாயம். அவருடைய ‘நான்’ இளகுவதற்கு அமைதி வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு விதமானவரும் உண்டு. அவரைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. அவர் பெரும்பாலும் வீட்டின் அம்மாவாக இருப்பார். கிளம்புவதற்கு முந்தைய இரவு அவருடைய பையைத் திறந்து பாருங்கள். மாற்றுத் துணி, மாமனாரின் சர்க்கரை மாத்திரை, குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து, புளியோதரைப் பொட்டலம், எல்லாருடைய ஆதார் அட்டையும் தரிசன டிக்கெட்டும் போட்ட பிளாஸ்டிக் உறை, ஈரத்துணி சுற்ற ஒரு பை. நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போனாலும் அதே பைதான், உள்ளே இருக்கிற பொருள்தான் கொஞ்சம் மாறும். எல்லாரும் தண்ணீரில் குதிக்கும்போது செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவலாகக் கரையில் உட்கார்ந்திருப்பவர் அவர். அடுத்த வேளை சாப்பாடு எங்கே, மாத்திரை நேரம் ஆகிவிட்டதா என்று யோசித்துக்கொண்டிருக்கிற மனம் எப்படி ஒப்புக்கொடுக்கும்? அவருக்கு அந்தப் பயணம் பிடிக்கவில்லை என்றால், பிடிக்காதது பயணம் அல்ல. அதில் அவருக்கென்று ஒரு இருக்கை இல்லாதது.

திருமலையின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு ஒன்று விளங்குகிறது. சுப்ரபாதத்தில் தொடங்குகிற நாள். பிறகு கல்யாண உற்சவம். உபய நாச்சியார்களோடு கண்ணாடி மண்டபத்தில் ஊஞ்சல். சுற்றிலும் கண்ணாடி, ஒரு சுவாமி பல சுவாமியாகி ஆடுவார். மாலையில் ஆயிரம் விளக்குகளின் நடுவே மறுபடி ஊஞ்சல். பங்குனியையொட்டிப் புஷ்கரிணியில் ஐந்து நாள் தெப்பம். பிரம்மோற்சவத்தில் கருடன், யானை, குதிரை என்று வாகனம் வாகனமாக வீதிவலம். நம் முன்னோர் கடவுளுக்கே ஊஞ்சலும் படகும் சவாரியும் வைத்துக் கொண்டாடினார்கள்; குதூகலத்தை ஆன்மிகத்துக்கு வெளியே தள்ளவில்லை.

அதே சுவாமிக்கு இரவில் ஏகாந்த சேவை. பல்லவ அரசி சாமவை அர்ப்பணித்த வெள்ளித் திருமேனியைக் கட்டிலில் எழுந்தருளச் செய்து, பாலும் பழமும் நிவேதித்து, சங்கீர்த்தனக் கவி அன்னமய்யாவின் வம்சத்தார் தாலாட்டுப் பாட, பெண் கவி தரிகொண்டா வெங்கமாம்பா பெயரால் முத்து ஆரத்தி எடுத்து, நடை சாத்துகிறார்கள். அதற்குப் பிறகு எத்தனை பேர் வெளியே காத்திருந்தாலும் உள்ளே யாரும் இல்லை. பகலெல்லாம் கூட்டத்துக்கு முகம் கொடுத்தவருக்கு இது வேண்டும் என்று யாரோ பரிந்து நினைத்திருக்கிறார்கள். அந்தப் பரிவு என்னை எப்போதும் நெகிழவைக்கிறது.

கோயிலின் முகப்பு வாசலான மகாத்துவாரத்தில் நுழையும்போது வலப்பக்கச் சுவரில் ஒரு கடப்பாரை மாட்டியிருக்கிறது. கூட்டம் தள்ளுவதால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. ராமானுஜர் கேட்டுக்கொண்டபடி, குளிர் மிகுந்த இந்த மலையில் பூந்தோட்டம் போட்டுப் பெருமாளுக்கு மாலை கட்ட வந்த அனந்தாழ்வானுடையது அது என்பது மரபு. தோட்டத்துக்குக் குளம் வெட்டினார். கர்ப்பிணி மனைவி மண் சுமந்தார். ஒரு சிறுவன் ஓடி வந்து “நானும் சுமக்கிறேன்” என்றான். கைங்கர்யத்தில் வேறு யாரும் பங்கு கேட்பது அனந்தாழ்வானுக்குப் பிடிக்கவில்லை. போகச் சொல்லியும் சிறுவன் போகவில்லை. மறைந்து மறைந்து அந்த அம்மாளின் கூடையை வாங்கிச் சுமந்தான். கோபத்தில் வீசிய கடப்பாரை அவன் மோவாயில் பட்டது. சந்நிதிக்குப் போய்ப் பார்த்தால் பெருமாளின் மோவாயில் ரத்தம். பதறிப்போய்ப் பச்சைக் கற்பூரத்தை அப்பினார். இன்றைக்கும் அந்த இடத்தில் பச்சைக் கற்பூரம் சாத்துகிறார்கள்.

தனியாகச் செய்ய விரும்பியவர் ஒருவர், கூடச் சேர்ந்துகொள்ள ஆசைப்பட்டவர் இன்னொருவர். இருவர் அன்பும் மெய்தான். அனந்தாழ்வானின் தனிமையைப் பெருமாள் தண்டிக்கவில்லை. காயத்தைத் தாமே ஏற்றுக்கொண்டார். சிறுவனாக வந்தவர் முதலில் வாங்கிக்கொண்டது யாருடைய கூடையை என்பதையும் பாருங்கள். சுமக்க முடியாமல் சுமந்த அந்தக் கர்ப்பிணியின் கூடை.

வீட்டில் நாம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறோம். வர விருப்பமில்லாதவரை, “எல்லாரும் வரும்போது உனக்கு மட்டும் என்ன?” என்று இழுத்துப் போகிறோம். அவரும் கூட்டத்தை ரசிப்பவர்களைப் பார்த்து, இதில் என்ன இருக்கிறது என்று முகம் சுளிக்கிறார். இரண்டும் வீசிய கடப்பாரைகள்தான்.

அடுத்த விடுமுறைக்குக் கிளம்புமுன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள்: உனக்கு இதில் என்ன வேண்டும்? தரிசனம் முடிந்ததும் பிள்ளைகள் கடைத்தெருவுக்குப் போகட்டும். அமைதி வேண்டுபவர் காட்டுக்குள் இருக்கிற ஜாபாலி தீர்த்தத்தில் அனுமன் சந்நிதி அருகே உட்காரட்டும். கீழே இறங்கினால் கபில தீர்த்தத்தில், மலையிலிருந்து குளத்தில் தண்ணீர் விழுகிற ஓசையைக் கேட்டபடி யாரும் கூப்பிடாமல் அவர் ஒரு மணி நேரம் இருக்கட்டும். வீட்டிலேயே இருக்கிறேன் என்பவரை நிம்மதியாக இருக்கவிட்டு, அவருக்கு ஒரு லட்டு கொண்டு வாருங்கள். முக்கியமாக, அந்தப் பையை இந்த முறை வேறு யாராவது அடுக்குங்கள், வேறு யாராவது சுமங்கள்.