நான் கொடுத்த ஐந்து நட்சத்திரம்

எங்கள் பாகான் டாலாமில் தீபாவளிப் பலகாரம் சுட்டு விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். "தம்பி, நீ இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளதானே, கூகள்ல தேடினா என் பலகாரம் முதல்ல வர்ற மாதிரி செஞ்சு குடேன்" என்று கேட்டார். இணையப் பக்கம் அமைத்துக் கொடுத்தேன். அதோடு நிற்கவில்லை. ஐந்து பெயர்களில் ஐந்து விமர்சனங்களையும் நானே எழுதினேன். நம்ம ஆளுக்கு நாம உதவாம வேற யாரு உதவுவா?

தீபாவளிக்கு முந்திய வாரம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். படையலுக்கு 200 முறுக்கு வேண்டுமாம். "சுத்த சைவ அடுப்படின்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, அதான் நம்பிக் கூப்பிட்டேன்." அந்த ஒருத்தர் நான்தான். அழகாக இருக்கட்டுமே என்று சேர்த்த வரி அது. அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இல்லம்மா, எங்க அடுப்படியில மீனும் சமைப்போம்." ஆர்டர் போய்விட்டது. பிறகு என்னைப் பார்த்து, "யாரு தம்பி அப்படி எழுதுனா?" என்றார். ஒப்புக்கொண்டேன். அன்றிரவே ஐந்தையும் அழித்தேன்.

"எல்லாரும்தான் செய்றாங்க, நாம மட்டும் யோக்கியமா இருந்தா பின்தங்கிட மாட்டோமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2006இல் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளம் தேடுபொறிக்கு ஒன்றும் மனிதருக்கு வேறொன்றும் காட்டியதால், கூகள் அதைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. ஆனால், மாட்டிக்கொள்வோம் என்ற பயம் மட்டும் அறமாகாது. என் பொய்யைக் கூகள் கண்டுபிடிக்கவே இல்லை. இயந்திரத்தைத்தானே ஏமாற்றுகிறோம் என்று நினைத்தேன். அதற்கு அந்தப் பக்கம் படையலுக்குத் தயாராகும் ஓர் அம்மா இருந்தார். பிறர் பொருளையும் தம்முடையதுபோல் பேணுவதே வணிகம் என்கிறது 120ஆம் குறள். பிறர் நம்பிக்கையும் அப்படிப் பேண வேண்டிய பொருள்தானே?

நேர்மையாகச் செய்யவும் வேலை நிறைய இருக்கிறது. பக்கத் தலைப்பில் பலகாரத்தின் பெயரையும் ஊரையும் போடுங்கள். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் ஒட்டாமல், யூனிகோட் தமிழில் எழுத்தாகவும் கொடுங்கள். படங்களின் அளவைக் குறையுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகள் சொல்லும் அளவு. பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் கூகள் வரைபடத்திலும் பக்கத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும். உண்மையில் வாங்கியவர்களிடம் விமர்சனம் கேளுங்கள். குறை சொன்னாலும் அது இருக்கட்டும். இதில் எதற்கும் பொய் தேவையில்லை.

இப்போது அந்தப் பக்கத்தில் அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதிய வரி ஒன்று இருக்கிறது: "எங்கள் அடுப்படியில் அசைவமும் சமைப்போம்." முதலிடம் இன்னும் வரவில்லை. தோழர்களே, அடுத்த முறை நண்பரின் கடைக்கு நட்சத்திரம் போடுவதற்கு முன், அங்கே ஒரு தடவையாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள்.