குன்றுகளைக் காணச் செல்வோர்

பழைய இடங்களைக் காணக் கூட்டாகச் செல்வது பயனுள்ளதொரு காரியமா, அன்றிப் படித்த நடுத்தர வகுப்பினரின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கா? நண்பர்களிடையே அடிக்கடி எழும் இவ்வினாவுக்கு அவசரப்பட்டு விடை கூறிவிடல் ஆகாது. தமிழ்நாட்டிலே, சிறப்பாக மதுரையைச் சூழவுள்ள பகுதியிலே, ஆசிரியரும் மாணவரும் எழுத்தரும் விடியலிலே புறப்பட்டுச் சமணர் வாழ்ந்த குன்றுகளில் ஏறி, குகைகளையும் கற்படுக்கைகளையும் கண்டு, வெயில் ஏறுமுன் திரும்பும் வழக்கம் இன்று வேரூன்றியிருக்கின்றது. 'மரபுநடை' என்று அதற்கொரு பெயரும் வாய்த்துவிட்டது.

"கல்லைப் பார்க்கப் போகின்றீர்கள், கல்லுடைப்பவனைப் பார்த்தீர்களா?" என்று எமது தோழர் ஒருவர் கேட்டார். இதனைக் கேட்டு நகைத்தோரும் உளர். நாம் நகைக்கவில்லை. இக்கேள்வியை விட்டுவிட்டு மரபைப் பற்றிப் பேசுவோர் ஈற்றிலே அரசர் புகழையே பாடிக்கொண்டிருப்பர். ஆயினும், தோழர் எண்ணுவதுபோல அக்குன்றுகள் வெறுங் கற்களல்ல.

அழகர்மலையிலே, கிடாரிப்பட்டிக்கு அருகே ஒரு பெருங்குகை உண்டு. அதன் நெற்றியிலே வெட்டப்பட்டுள்ள தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையன. ஐராவதம் மகாதேவன் போன்ற அறிஞர் அவற்றை வாசித்துத் தந்துள்ளனர். அங்கே யார் பெயர்கள் உள்ளன? மதுரைப் பொற்கொல்லன் ஒருவன். உப்பு வணிகன் ஒருவன். கொழு விற்றவன் ஒருவன். பணிதம், அஃதாவது வெல்லப்பாகு, விற்றவன் ஒருவன். துறவிகள் மழைக்கு ஒதுங்கவும் படுத்துறங்கவும் இடம் அமைக்கத் தம் வருவாயிலே ஒரு பங்கைக் கொடுத்தோர் இவர்கள். சங்கப் பாடல்கள் உமணரைப் பாடுகின்றன என்று வகுப்பிலே நாம் கற்பிக்கின்றோம். ஆனால், உப்பு விற்றவன் ஒருவனின் சொந்தப் பெயரை, அவன் காலத்திலேயே வெட்டிய எழுத்திலே காண்பது வேறோர் அனுபவம். அரசனும் படையெடுப்பும் இன்றி வரலாறு எழுத முடியுமா என்று ஐயுறும் மாணவனை அக்குகையின் வாயிலிலே ஒருமுறை நிறுத்தினாற் போதும். ஈவோரும் செல்வர்தாமே, அக்கல்லைக் கொத்திய சிற்றுளிக்காரனின் பெயர் எங்கே என்று தோழர் மீண்டும் கேட்பார். நியாயமே. பெரும்பாலும் அவன் பெயர் இல்லை. அவன் கையின் தழும்பு மட்டும் படுக்கையின் வழுவழுப்பிலே இருக்கின்றது.

திருப்பரங்குன்றத்துக் குகைக் கல்வெட்டொன்று ஈழத்துக் குடும்பிகன் ஒருவனைக் குறிப்பிடுகின்றது. இங்கிருந்து செல்லும் எம்மவர் அதன் முன் நின்று மெய்சிலிர்ப்பர். சிலிர்க்கட்டும்; குற்றமில்லை. ஆனால் அவன் செய்த செயலையும் சேர்த்தே நினைக்க வேண்டும். கடல்கடந்த தொடர்புடைய இல்லறத்தான் ஒருவன், உடைமை யாதும் இல்லாத துறவிக்கு உறங்க ஒரு கல் தந்தான். தன் இனத்தின் பெருமையை நிலைநாட்ட அவன் அங்கு வந்தானல்லன். அதே மலையிலே முருகன் குடைவரை உண்டு. உச்சியிலே தர்கா உண்டு. 2025ஆம் ஆண்டிலே அம்மலையை மதப் பூசலின் களமாக்க முயன்றோர், அக்கற்படுக்கைகளை ஒருமுறையேனும் ஏறிக் கண்டனரோ, அறியோம்.

பெயர் என்றதும் இன்னொன்றையும் கூறவேண்டும். இக்குகைகள் பலவற்றிலே, பழைய எழுத்துக்கு அருகிலேயே இக்காலத்து இளைஞர் தம் பெயரையும் காதலியின் பெயரையும் வண்ணப்பூச்சால் எழுதிவைத்துள்ளனர். உடன் வந்த நண்பர் கடுஞ்சினங் கொண்டார். மாணவன் ஒருவனோ, "உப்பு வணிகனும் தன் பெயரைத்தானே எழுதினான்?" என்றான். குறும்பான கேள்வியாயினும் அதற்கு விடை கூற வேண்டியவர்களானோம். உப்பு வணிகன் ஒன்றைக் கொடுத்த பின்னர் எழுதினான். இவர்கள் எதனையும் கொடாது எழுதினர். இவ்விடையைக் கூறிய பின்னர்தான் அதன் முனை எம்மையும் நோக்கித் திரும்புவதை உணர்ந்தோம். நிழற்படம் பிடித்து, சிற்றுண்டி உண்டு, காலை முழுதும் மகிழ்ந்து திரும்பும் நாம் அவ்வூருக்குக் கொடுத்தது யாது?

கீழக்குயில்குடிச் சமணமலையிலே செட்டிப்புடவு என்றோர் இடம் உண்டு. அங்குள்ள பெரிய தீர்த்தங்கரர் சிற்பத்தின் நீண்ட காதுகளைக் கண்ட ஊரார், அவரைச் செட்டியார் என்று கருதி அப்பெயர் இட்டனர் என்பர். கற்படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று வழங்கும் ஊர்களும் பல. பட்டதாரிகள் இவற்றைக் கேட்டுப் புன்னகைப்பது வழக்கம். இப்புன்னகை எமக்கு உடன்பாடன்று. சமணம் அப்பகுதியை விட்டு மறைந்த பின்னர், தொல்லியல் துறை என்றொன்று தோன்றுமுன், நெடுங்காலம் அச்சிற்பம் உடையாது நின்றதில் அடிவாரத்து ஊராரின் அச்சத்துக்கும் வணக்கத்துக்கும் பங்கு உண்டு. பெயரைத் தவறாக அறிந்தவன் பொருளைக் காத்தான்; சரியாக அறிந்தவனோ காரேறிப் போய்விடுகிறான்.

அரிட்டாபட்டியிலே இது மறுக்கவியலாதபடி வெளிப்பட்டது. அங்கே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணச் சிற்பமும் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் உள்ளன. சுனைகளும் அரிய பருந்தினங்களும் உள்ளன. 2022 நவம்பரிலே, ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பு தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரிலே, அத்தலத்தையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் நிலத்தின் டங்ஸ்டன் சுரங்க ஏலம் ஒரு நிறுவனத்துக்கு முடிவாயிற்று. ஊர்கள் எழுந்தன. 2025 ஜனவரி 7ஆம் நாள் மேலூர்ப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான உழவர் மதுரையை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். அதே மாதம் 23ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை இரத்துச் செய்தது.

மலையைக் காத்தது கல்வெட்டின் பழமையா, கண்மாயின் நீரா என்று பட்டிமன்றம் நடத்துவோர் நடத்தட்டும். உழவன் நெல்லுக்காகவே போராடினான். அந்நெல்லோடு கல்வெட்டும் தப்பியது. ஆனால், அதற்கு முந்திய ஆண்டுகளிலே அங்கு நடந்து சென்றோர் எழுதியும் பேசியும் அவ்விடத்தின் பெயரை வெளியுலகுக்குப் பழக்கியிருந்தனர் என்பதும் பொய்யன்று. யானைமலையைச் சிற்ப நகராக்கும் திட்டம் எழுந்து ஊரார் எதிர்த்த பின்னணியிலேதான் மதுரையின் 'பசுமை நடை' தோன்றியது என்பதையும் இங்கே நினைக்கலாம். ஆகவே நடையை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட நாம் ஒருப்படோம். ஊரார் கூடும் நாளிலும் அங்கே நிற்பவனுக்கே நடைக்கு உரிமை உண்டு என்பது எமது துணிபு.

தோழரின் கேள்வி இன்னும் முற்றாகத் தீரவில்லை. மதுரை மாவட்டத்தின் கிரானைட் வெட்டல் பற்றி விசாரிக்க 2014இலே உயர்நீதிமன்றம் சகாயம் அவர்களை நியமித்தது. குன்றுகளை விழுங்கிய முதலாளிகளைப் பற்றி ஏடுகள் நிறைய எழுதின. ஆனால், குவாரி மூடப்பட்ட மறுநாள் காலை சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று நின்ற கூலியாளைப் பற்றி எத்தனை பேர் எழுதினர்? குன்றைக் காக்க வேண்டும் என்று கேட்கும் நாம், அவனுக்கு வேறு வேலை வேண்டும் என்பதையும் அதே மனுவில், அதே மூச்சில் கேட்க வேண்டும். அடுத்த நடைக்கு அவனையும் அழைக்கலாம் என்று மதுரை நண்பர் ஒருவர் கூறினார். படுக்கையை எந்த உளியால், எந்தப் பக்கமிருந்து கொத்தியிருப்பர் என்பதை எம்மைவிட அவன் நன்கு சொல்லுவான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கூலி நாளா என்பதை மட்டும் முதலிலே கேட்டுக்கொள்ள வேண்டும்.