தர்மாஸ்பத்திரி: ஈகையா, கடனா?

முதுமையும் பிணியும் எவரையும் விட்டுவைப்பதில்லை. சித்தார்த்தரைச் சிந்திக்கச் செய்த காட்சிகளுள் முதலாவது கோலூன்றி நடந்த முதியவரின் தோற்றம். அடுத்தது நோயுற்றுக் கிடந்தவரின் தோற்றம். இவ்விரண்டும் ஓருடலில் கூடும்போது அவ்வுடலைத் தாங்க வேண்டியவர் யாவர்? வினா பழையது. ஆயினும் நம் நாளில், நம் குடியிருப்புகளின் வாயிலில், அது புதிய உருவில் வந்து நிற்கின்றது.

2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள், எழுபது வயது நிறைந்த குடிமக்கள் யாவர்க்கும், அவர்தம் வருவாய் யாதாயினும், ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை கிட்டும் ஏற்பாட்டை மத்திய அரசு தொடங்கிற்று. வறிய குடும்பங்களுக்கென 2018இல் ஏற்பட்ட பிரதான் மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனாவின் விரிவே இஃது. இதற்கென அளிக்கப்படும் அட்டைக்கு ஆயுஷ்மான் வய வந்தனா என்று பெயர். மும்பை மாநகராட்சி 2022இல் ‘ஆப்லா தவாகானா’ என்னும் சிறு மருந்தகங்களைக் குடிசைப் பகுதிகளின் அருகே திறக்கத் தொடங்கியது. ‘நம் மருந்தகம்’ என்பது அப்பெயரின் பொருள். அங்கே மருத்துவரின் ஆலோசனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை.

இவற்றைப் பற்றிப் பேசும்போது நம்மவர் வாயில் இயல்பாக வரும் சொல் ஒன்றுண்டு. “சர்க்கார் தர்மம் பண்ணுகிறது” என்பர். அரசாங்க மருத்துவமனையைத் தர்மாஸ்பத்திரி என்று அழைத்த தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். தருமம் என்னும் சொல்லுக்குத் தமிழ் வழக்கில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று, இரப்போர்க்கு இடுவது. மற்றொன்று, செய்யாது விடலாகாத அறநெறி. முதியவர்க்குக் கிட்டும் மருத்துவ உதவி இவற்றுள் எப்பொருளில் தருமம் என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இரப்பவன் கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு வாழ்த்திச் செல்ல வேண்டியவன். கடன் கொடுத்தவனோ, தனக்கு வரவேண்டியது குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேட்கலாம். நம் முதியோர் மருந்தகத்தின் வாயிலில் இவ்விருவருள் எவராக நிற்கின்றனர்?

விக்ரோலியை எண்ணிப் பார்ப்போம். இருப்புப்பாதைக்குக் கிழக்கே கன்னம்வார் நகரும் தாகூர் நகரும். மேற்கே மலைச்சரிவில் ஏறிச் செல்லும் பார்க்சைட், சூரியா நகர்க் குடியிருப்புகள். இப்பகுதியில் எழுந்த ஆலைகளை நம்பியும், தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உறவினர் இருந்ததை நம்பியும் வந்து குடியேறிய தமிழர் பலர். அவர்களுள் ஆலையின் ஊதியப் பதிவேட்டில் பெயர் ஏறியவர் ஒரு வகையினர். அவர்களுக்கு 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ., துணை நின்றது. குறைந்தது ஐந்தாண்டு அக்காப்பில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் தம் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவ உதவி பெறலாம் என்பது அதன் விதி.

மற்றொரு வகையினர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர். மேஸ்திரியின் கீழ்க் கல்லும் மண்ணும் சுமந்தோர், அடுக்கு மாடி வீடுகளில் பாத்திரம் துலக்கியோர், சாக்கடை தூர் வாரியோர் ஆகிய இவர்களும் இம்மாநகரை எழுப்பியவரே. இவர்கள் வாங்கிய ஒவ்வொரு தீப்பெட்டியிலும் துணியிலும் மறைமுக வரி இருந்தது. அதை இவர்கள் செலுத்தியே வந்தனர். உழைப்பையும் வரியையும் பெற்றுக்கொண்ட சமுதாயம், அதற்கான ரசீதை மட்டும் அளிக்கவில்லை. ரசீது இல்லை என்பதனால் கடன் இல்லையென்று ஆகிவிடுமா?

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். “உழைத்தவர்க்குக் கடன் என்றால் உழைக்காதவர்க்கு என்ன? பிறவியிலேயே நலிந்தவர், ஒருநாளும் கூலி பெறாதவர் முதுமையுற்றால் அவர்களைக் கைவிடலாமா?” எனக் கேட்கலாம். தக்க கேள்வியே. உழைப்புக்கு ஈடாக மட்டும் உதவி என்று கொண்டால் அது வாணிகமாய் முடியும். இதற்கு விடை தரும் நிகழ்ச்சி ஒன்று விநய பிடகத்தின் மகாவக்கத்தில் உண்டு. வயிற்றுப்போக்கால் வருந்திய பிக்கு ஒருவர் தம் கழிவிலேயே கிடந்தார். எவரும் அவரைக் கவனிக்கவில்லை. காரணம் கேட்டபோது, அவரால் மற்றப் பிக்குகளுக்கு ஒரு பயனும் இல்லை என்பதே மறுமொழியாக வந்தது. பகவன் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டு வரச் செய்து, தாமே நீர் வார்த்து, இருவருமாக அவரைக் கழுவித் தூக்கிப் படுக்கையில் கிடத்தினார்.

அதன்பின் அவர் வகுத்த ஒழுங்கே நம் ஆராய்ச்சிக்கு முக்கியமானது. நோயுற்றவர்க்கு ஆசிரியர் இருப்பின் ஆசிரியர் பேண வேண்டும்; மாணவர் இருப்பின் மாணவர் பேண வேண்டும்; இவ்வாறு அணுக்கமானோர் ஒருவருமில்லையெனில் சங்கம் முழுவதும் பேண வேண்டும். பேணாது விடின் அது குற்றமாகும். இரக்கம் தோன்றினால் செய்க என்று அவர் விட்டுவிடவில்லை. பயன் தருபவரா என்ற கேள்வியையே நீக்கி, பேணுதலை விதியாக்கினார். உறவினர் கடமையும் பொதுவின் கடமையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல, ஒன்றன்பின் ஒன்றாய் நிற்பன என்பதும் இதனால் விளங்கும்.

“அரசு பார்த்துக்கொள்ளும் என்றால் பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடுவர்” என்று அஞ்சுவோர்க்கும் இதுவே விடை. நாட்டின் சட்டமும் இவ்வழியே செல்கின்றது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. பெற்றோரைக் காக்கும் பொறுப்பைப் பிள்ளைகள்மீது வைத்த அதே சட்டம், தன் 20ஆம் பிரிவில், அரசு மருத்துவமனைகளில் இயன்றவரை முதியோர்க்குப் படுக்கையும் அவர்களுக்கெனத் தனி வரிசையும் இருத்தல் வேண்டும் என்று அரசுக்கும் பொறுப்பு வைத்துள்ளது. நாட்கூலிக்குச் செல்லும் மகன் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாளில் அவனுக்குக் கூலி இல்லை. அவன் பாசத்தில் குறைந்தவன் அல்லன். அவன் கையில்தான் பொருளில்லை. அவ்விடத்தில் பொதுவின் கை நீளுமாயின் பாசம் கெடாது, பிழைத்து நிற்கும்.

நம் அரசியலமைப்பின் 41ஆம் விதி, முதுமையிலும் நோயிலும் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு தன் பொருள் வலிமைக்கு உட்பட்டு வழி செய்ய வேண்டும் என்கிறது. வழக்காடிப் பெறும் உரிமைகளின் வரிசையில் அது இடம் பெறவில்லை. வழிகாட்டு நெறிகளின் வரிசையில் உள்ளது. ஆயினும் ‘உதவி பெறும் உரிமை’ என்றே அங்கு எழுதப்பட்டது. அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராய் இருந்த டாக்டர் அம்பேத்கரின் மேற்பார்வையில் அமைந்த சொற்கள் அவை. 1996இல் உச்ச நீதிமன்றமும், அவசர நிலையில் வந்தவர்க்கு அரசு மருத்துவமனை சிகிச்சை மறுத்தல் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் எனத் தீர்ப்பளித்தது.

இனி, மற்றொரு மறுப்பையும் நோக்க வேண்டும். எழுபது வயது நிறைந்த செல்வர்க்கும் ஏன் இவ்வட்டை? ஏழைக்கு மட்டும் அளித்தால் பொதுப் பணம் மிஞ்சாதா? இது நேர்மையான கேள்வி. ஆனால் ஏழை எவர் என்று பிரிக்க வருமானச் சான்று வேண்டும். சான்றுக்கு அலைச்சல் வேண்டும். அலைச்சலுக்குக் கால் வேண்டும். தன் வறுமையைப் பலர் முன்னும் மெய்ப்பிக்கச் செய்வது, நோயுற்ற முதியவரை மீண்டும் இரப்பவராக்குவதாகும். சிங்கப்பூரில் 2014இல், 1949க்குள் பிறந்த குடிமக்களுக்கு, வருவாயைக் கேளாமல், அண்டை மருந்தகங்களிலும் சலுகை கிட்டச் செய்தபோது அதற்கு முன்னோடித் தலைமுறை என்று பெயரிட்டனர். நாட்டை எழுப்பியவர்க்குச் செய்யும் நன்றி என்றே அது கூறப்பட்டது. பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பர். முதியவரின் தலை நிமிர்வதும் குனிவதும் அப்பெயரில் இருக்கிறது.

எல்லார்க்கும் இலவசம் என்பதில் இடரே இல்லை என்றும் கூறுவதற்கில்லை. ஜப்பான் 1973இல் எழுபது வயது நிறைந்தோர்க்கு மருத்துவத்தை முற்றும் இலவசமாக்கிற்று. செலவு பெருகவே 1983இல் அவர்களும் ஒரு சிறு தொகை செலுத்த வேண்டுமென மாற்றிற்று. ஆகையால் பொதுப் பணத்தை எங்குச் செலவிட்டால் துன்பம் மிகுதியும் தணியும் என்று ஆராய்தலும் அறத்தின் பகுதியே ஆகும்.

அவ்வாறு ஆராயின் ஒரு குறை கண்ணுக்குப் புலனாகும். 5 லட்சம் ரூபாய் அட்டை, மருத்துவமனையில் படுக்கையிற் சேர்க்கப்பட்டவர்க்கே பயன்படும். சேர்வதற்கு முன் மூன்று நாட்களும் வீடு திரும்பிய பின் பதினைந்து நாட்களும் ஆகும் செலவை அது ஏற்கும். ஆனால் பார்க்சைட்டில் ஒரு மூதாட்டி நாள்தோறும் விழுங்க வேண்டிய இரத்த அழுத்த மாத்திரைக்கு அதில் இடமில்லை. இரத்த அழுத்தமும் நீரிழிவும் ஓசையின்றி உள்ளே அரிக்கும் நோய்கள். வலி இல்லாமையால் மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. காசில்லாமையால் நிறுத்துவோரும் உண்டு. ஒரு நாள் மூளையின் இரத்தக் குழாய் அடைபடும் அல்லது வெடிக்கும். கையும் காலும் விழும். அதன்பின் அட்டை வேலை செய்யத் தொடங்கும். சில ரூபாய் மாத்திரையால் தடுத்திருக்கக் கூடியதற்குப் பின்னர் லட்சங்கள் செலவாகும். போன கால் மட்டும் பல வேளைகளில் திரும்பாது. விழுந்தவரைத் தூக்குவது நன்று. விழாமல் ஊன்றுகோல் தருவது அதனினும் நன்று.

ஆதலின் நம் முதியோர்க்கு ஐந்து லட்சத்தினும் இன்றியமையாதது, தெருக்கோடியிலுள்ள சிறு மருந்தகமே. அது நடந்து செல்லும் தொலைவில் இருத்தல் வேண்டும். மாத்திரை இம்மாதம் இருந்து அடுத்த மாதம் இல்லாமற் போகலாகாது. மருத்துவர் இருக்கை வெறுமையாய்க் கிடக்கலாகாது. மலைச்சரிவில் இறங்கி, பேருந்து ஏறி, காட்கோபரின் ராஜாவாடி மருத்துவமனை வரை முழங்கால் வலியுடன் செல்ல வேண்டுமெனில், இலவசம் என்பது பெயரளவில் நின்றுவிடும். தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இன்னும் ஒருபடி மேலே சென்றது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளைத் தன்னார்வப் பெண்கள் வீட்டு வாயிலுக்கே கொண்டு சென்று தருவது அதன் முறை. பகவன் நோயாளியைத் தம்மிடம் வருமாறு அழைக்கவில்லை. நோயாளி கிடந்த இடத்திற்குத் தாமே சென்றார். திட்டங்களை அளக்கும் கோல் அதுவே.

இந்நோக்கு இம்மண்ணுக்குப் புதியதும் அன்று. மனிதர்க்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததை அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் பொறித்தார். தம் ஆட்சிக்கு வெளியே இருந்த சோழர், பாண்டியர் நாடுகளையும் அதில் குறித்தார். எட்டாம் கல்வெட்டிலோ, முதியோரைத் தாமே சென்று கண்டு பொன் வழங்குவதைத் தம் தருமப் பயணத்தின் பகுதியாகக் கூறினார். அக்கல்வெட்டின் ஒரு துண்டை 1882இல் பகவான்லால் இந்திரஜி கண்டெடுத்தது மும்பையை அடுத்த சோபாராவில். முதியோர் இருக்குமிடம் தேடி அரசு செல்ல வேண்டும் என்னும் நெறி, நம் புறநகர் ரயில் செல்லும் தொலைவிலேயே கல்லில் வெட்டப்பட்டிருந்தது.

அரசின் கடனைக் கூறியபின் நம் கடனைக் கூறாது விடுதல் முறையன்று. அணுக்கமானோர் இல்லையெனில் சங்கம் பேணுக என்றால், இக்குடியிருப்பில் சங்கம் எது? நாமே. செய்யத்தக்கவை அரியன அல்ல. எழுபது வயதை ஆதார் அட்டையில் உள்ள பிறந்த தேதியே முடிவு செய்கிறது. நம் முதியோர் பலர்க்கு அத்தேதி, எழுதியவர் முகம் பார்த்து மதிப்பிட்டதே ஆகும். எழுபத்திரண்டு வயதினர் ஏட்டில் அறுபத்தாறாய் இருப்பின் அட்டை கிடைக்காது. சான்று தேடி அத்தேதியைத் திருத்த எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞன் துணை வேண்டும். ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளிக்கு அந்த 120 ரூபாய் விதியை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். மருந்தகத்தில் மராத்தியிலும் இந்தியிலும் சொல்லப்படுவதைத் தமிழில் சொல்லி, தனி வரிசை எங்கே என்று பணிவோடும் உறுதியோடும் கேட்க ஒருவர் வேண்டும். மாத்திரை இல்லையென்று கைவிரிக்கப்பட்டால், அதை எழுதி மாநகராட்சிக்கு அனுப்ப ஒருவர் வேண்டும். வாரத்தில் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்க இயலாதவர் நம்மில் எத்தனை பேர்?

தர்மாஸ்பத்திரி என்னும் பழஞ்சொல்லை நாம் நீக்க வேண்டியதில்லை. அதன் பொருளைத் திருத்திக் கொண்டால் போதும். அங்கே நடப்பது பிச்சையிடுதல் என்னும் பொருளில் தருமம் அன்று. செய்யாவிடின் குற்றமாகும் என்னும் பொருளில் தருமம். இதை உணர்ந்த முதியவர் மருந்துச் சீட்டை நீட்டும்போது கை நடுங்கலாம். அந்நடுக்கம் வயதால் வந்ததாக மட்டும் இருக்கட்டும்.