திருப்பித் தர முடியாத கடன்

மே மாத விடுமுறையில் மும்பையிலிருந்து கொங்கணக் கடற்கரை வழியாகச் செல்லும் இரயில்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் பயணம் செய்வதைக் காணலாம். இரத்தினகிரி, சிந்துதுர்க் மாவட்டச் சிற்றூர்களில் தாத்தாவும் பாட்டியும் காத்திருப்பார்கள். மாவும் பலாவும் பழுத்திருக்கும். 1998-இல் கொங்கண் இரயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்ட பின்னர் இந்தப் பயணம் எளிதாகிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய இரயிலில், மும்பைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம் மனம்விட்டுப் பேசினார்: “சுவாமிஜி, பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறேன். மருத்துவச் செலவு முழுவதையும் ஏற்றிருக்கிறேன். ஆண்டுதோறும் பிள்ளைகளோடு வந்து பத்து நாட்கள் தங்குகிறேன். ஆயினும் புறப்படும் நாளில், எதையோ திருடிக்கொண்டு போவதுபோல் மனம் குறுகுறுக்கிறது. ஏன்?”

அவர் காலடியில் மூன்று பைகள் இருந்தன. உலர்த்திய கோகம், முந்திரி, பலாக்காய் அப்பளம் ஆகியவற்றை எழுபதைக் கடந்த தாய் தம் கையால் கட்டித் தந்திருந்தார்.

“உங்கள் கடமையைச் செய்துதானே வருகிறீர்கள்!” என்றேன். அது ஆறுதலே தவிர பதில் அல்ல என்பது பின்னரே புரிந்தது.

2007-இல் நம் நாடாளுமன்றம் பெற்றோர், மூத்த குடிமக்கள் ஆகியோரின் பராமரிப்புக்காக ஒரு சட்டம் இயற்றியது. அதில் ‘பிள்ளைகள்’ என்ற சொல் வயதுவந்த பேரன் பேத்திகளையும் குறிக்கும். பராமரிப்புத் தொகை தருமாறு தீர்ப்பாயம் ஆணையிடலாம். ஆனால் திண்ணையில் அருகே அமர்ந்து பேசுமாறு யாரும் ஆணையிட முடியாது. அப்படியானால், கட்டாயப்படுத்த முடியாத ஒன்று கடமையாகுமா?

ஆகும் என்கிறார் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட். 1797-இல் வெளிவந்த தமது அறவியல் நூலில் அவர் நன்றியறிதலைப் புனிதமான கடமை என்று கூறுகிறார். எவ்வளவு திருப்பிச் செய்தாலும் அது தீராது. ஏனெனில் முதலில் கொடுத்தவர், கொடுக்க வேண்டிய கடன் ஏதுமின்றிக் கொடுத்தார். நாமோ பெற்றதனால் கொடுக்கிறோம். அந்த முதன்மையை அவரிடமிருந்து நாம் ஒருபோதும் பெற முடியாது.

தீராத கடனை என்ன செய்வது? தைத்திரீய சம்ஹிதை மூன்று கடன்களைப் பற்றிப் பேசுகிறது. ரிஷிகளின் கடன் பிரம்மசரியத்தாலும், தேவர்களின் கடன் வேள்வியாலும், முன்னோரின் கடன் சந்ததியாலும் தீர்கின்றன. முன்னோரிடம் பட்ட கடனை அடுத்த தலைமுறையின் வழியாகவே செலுத்துகிறோம் என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. ஆனால் பெற்றெடுப்பதோடு அது முடிந்துவிடுமா? தான் யாரிடமிருந்து வந்தோம் என்று குழந்தை அறியும்போதுதானே அது நிறைவுறும்? தாத்தா நட்ட மரத்தடியில் அமர்ந்து, கைப்பேசியிலிருந்து நிமிராத பேரனுக்கு அந்த வழி இன்னும் திறக்கவில்லை. அதைத் திறந்துவைக்க வேண்டியவர் தந்தையே.

தைத்திரீய உபநிஷதம் தாய், தந்தை, ஆசிரியர், விருந்தினர் ஆகிய நால்வரையும் தெய்வமாகப் போற்றச் சொல்கிறது. விடுமுறையில் நாம் செய்யும் பிழை இங்கேதான். பெற்றோரைத் தெய்வமாகக் காணச் சென்றவர்கள், அவர்கள் வீட்டில் நாமே விருந்தினராகி அமர்ந்துவிடுகிறோம். ‘ஓய்வு’ என்று நாம் காலை எட்டு மணிவரை உறங்குகிறோம். பாட்டி விடியுமுன் எழுந்து ஆறு பேருக்குச் சமைக்கிறாள். மனக் குறுகுறுப்புக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எனவே அடுப்பங்கரையில் அவளுக்குச் சில நாட்களாவது ஓய்வு தருவோம். தாத்தாவோடு பேரனைத் தோப்புக்கு அனுப்புவோம். எந்த மரத்தை எப்போது நட்டார் என்று அவன் கேட்கட்டும். அவர்கள் கட்டித் தரும் பையை, “இதெல்லாம் மும்பையிலேயே கிடைக்குமே” என்று சொல்லாமல் இரு கைகளாலும் பெற்றுக்கொள்வோம். கொடுக்கும் மகிழ்ச்சியை முதியவர்களிடமிருந்து பறிக்காதிருப்பதும் அறமே.

அந்த அன்பரை மீண்டும் சந்தித்தால் இப்படிச் சொல்வேன்: “நீங்கள் எதையும் திருடவில்லை. பெற்றது பெரிது என்பதை உங்கள் மனம் அறிந்திருக்கிறது. அந்த உறுத்தலைப் போக்கிக்கொள்ள முயலாதீர்கள். அது இல்லாமல் ஊரிலிருந்து புறப்படும் நாள் வந்தால், அன்று அஞ்சுங்கள்.”