அங்கே போனால்தான் கிடைக்கும்

ஒரு பொருளை வாங்க அது விளையும் ஊருக்கே போகவேண்டும் என்ற கட்டாயம் இப்போது அநேகமாக இல்லை. எந்த ஊர்த் தின்பண்டமும் எந்த நாட்டுப் பொம்மையும் கைப்பேசியில் தட்டினால் வாசலுக்கு வந்துவிடுகிறது. இந்த வசதியை நானும் நன்றாக அனுபவிக்கிறேன். ஆனாலும் தேடிப் போய்ப் பெறுவதற்கென்று தனியாக ஒரு மதிப்பு உண்டா, வீடு தேடி வரும்போது அது கழன்று போகிறதா என்ற கேள்வி வெகுநாளாக மனதில் இருக்கிறது. அதை நான் கொஞ்சம் தெளிவாக யோசிக்கத் தொடங்கியது, சிகாகோவை ஒட்டிய புரூக்ஃபீல்ட் மிருகக்காட்சி சாலையில், ஒரு பழைய பொம்மை இயந்திரத்தின் முன்னால் நின்றபோதுதான்.

மகள் குடும்பம் சிகாகோ பக்கத்து நேப்பர்வில்லில் இருக்கிறது. கோடையில் நான் போகும்போதெல்லாம் பேத்தியோடு அந்த மிருகக்காட்சி சாலைக்குப் போவது வழக்கம். கிஃப்ட் ஷாப்பில் துணிப் பாண்டா, சாவிக்கொத்து, காபிக் கோப்பை, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் எல்லாம் குவிந்திருக்கும். அவற்றில் பல, மேலே அச்சிட்ட பெயரை மட்டும் மாற்றினால் எந்த ஊர்க் கடையிலும் விற்கக்கூடியவை. அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. மிருகங்கள் இருக்கும் கட்டடங்களின் பக்கத்தில் நிற்கும் மோல்ட்-ஏ-ராமா இயந்திரங்கள் வேறு வகை.

ஆளுயரப் பெட்டி, உச்சியில் குமிழ் போல ஒரு தெளிந்த மூடி. பணம் செலுத்தியதும் இரண்டு பக்கத்திலிருந்தும் உலோக அச்சுகள் நகர்ந்து வந்து இறுகப் பொருந்துகின்றன. உருகிய பாலிஎத்திலீன் உள்ளே பாய்கிறது. அச்சின் சுவரை ஒட்டியது இறுகியதும், நடுவில் இன்னும் குழம்பாக இருப்பதைக் காற்று வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் பொம்மை உள்ளே கூடாக இருக்கும். குளிர்ந்த திரவம் அச்சுக்குள் ஓடிச் சூட்டைத் தணிக்கிறது. அச்சுகள் விலகினால் நடுவே ஒரு கொரில்லா உட்கார்ந்திருக்கிறது. ஒரு தகடு அதைத் தள்ள, கீழே இருக்கும் சின்னக் கதவுக்குப் பின்னால் வந்து விழுகிறது. ஒரு நிமிட வேலை. எடுத்தால் கை சுடுகிறது. மெழுகு கிரேயான் வாசனை அடிக்கிறது. அடியில் இருக்கும் துளை மேலே தெரியும்படி தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். தோளிலும் முதுகிலும் இரண்டு அச்சுகள் சேர்ந்த இடம் கோடாகத் தெரியும். பேத்தி அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே நடப்பாள்.

இதைக் கண்டுபிடித்தவர் இல்லினாய் மாநிலத்தின் குவின்சி ஊரைச் சேர்ந்த ஜான் மில்லர். 1930களில், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளில் ஒன்று உடைந்துபோக, கடையில் ஒற்றைப் பொம்மை விற்கமாட்டோம், செட்டாகத்தான் தருவோம் என்றார்களாம். அவர் தாமே ஒன்றைச் செய்யத் தொடங்கியதிலிருந்துதான் எல்லாம் வந்தது என்று சொல்வார்கள். கொலு வைக்கிற வீட்டில் கல்யாண செட்டில் நாதஸ்வரக்காரர் மட்டும் உடைந்துபோனால் என்ன தவிப்பு வருமோ, அதுதான் அவருக்கும் வந்திருக்கிறது. 1962-ல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரம் மக்கள் முன் வந்தது. 1964-65 நியூயார்க் கண்காட்சியில் சின்க்ளேர் எண்ணெய் நிறுவனத்தின் அரங்கில் குழந்தைகளுக்கு டைனோசர் வார்த்துக் கொடுத்தது. இன்று புரூக்ஃபீல்டிலும் மில்வாக்கியிலும் சான் அன்டோனியோவிலும் ஓடுபவை அந்த 60களின் இயந்திரங்களே. பழுதானால் உதிரிபாகத்தையும் செய்துதான் போட வேண்டும்.

இங்கே என்னை நிறுத்தியது ஒரு விஷயம். அந்தக் கொரில்லாவுக்குக் கிடங்கு கிடையாது. நாம் போய் நிற்கும்வரை அந்தப் பொம்மையே உலகத்தில் இல்லை. 'இங்கு மட்டுமே கிடைக்கும்' என்று எத்தனையோ பொருள்களில் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது விற்பவர் போட்ட வேலி. வேண்டுமென்றால் நாளைக்கே எடுத்துவிடலாம். இந்தப் பொம்மைக்கு அந்த வேலி தேவைப்படவில்லை. வந்தவரின் கண்முன்னால், வந்தவரின் ஒரு நிமிடத்தை வாங்கிக்கொண்டு அது உருவாகிறது. நேரில் வந்து நின்றதே இதன் அருமை.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. பெர்லின் மிருகக்காட்சி சாலையில் 2006 டிசம்பரில் க்னூட் என்ற பனிக்கரடிக் குட்டி பிறந்தது. தாய் ஒதுக்கிவிட்டது, பராமரிப்பாளர் ஒருவர் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். 2007 மார்ச்சில் வெளியே விட்டபோது உலகத் தொலைக்காட்சிகள் அங்கே திரண்டன. ஸ்டைஃப் நிறுவனம் அதன் உருவத்தில் துணிப் பொம்மை செய்தது, ஹரிபோ மிட்டாய் செய்தது, மிருகக்காட்சி சாலை அந்தப் பெயரையே வணிக முத்திரையாகப் பதிவு செய்தது. 2011 மார்ச்சில், பார்வையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே க்னூட் தண்ணீரில் விழுந்து இறந்தது. வயது நான்குதான். அழுதவர்களின் துக்கம் உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கரடிக்கு முன்னால் அதன் பொம்மை ஓடியது. எப்படி நடக்கும், எதை முகர்ந்து பார்க்கும் என்று ஒரு முறைகூடக் கண்டிராதவர்களின் படுக்கையிலும் க்னூட் இருந்தது.

2024 ஜூலையில் தாய்லாந்தின் காவ் கியாவ் மிருகக்காட்சி சாலையில் பிறந்த மூ டெங் என்ற குள்ள நீர்யானைக் குட்டிக்கு அந்தப் புகழ் இன்னும் வேகமாக வந்தது. கூட்டம் தாங்காமல் வார இறுதிகளில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று வரம்பு வைத்தார்கள். தூங்குகிற குட்டியை எழுப்ப, வந்தவர்களில் சிலர் தண்ணீரை அடித்தார்கள், கையில் கிடைத்ததை எறிந்தார்கள். அவ்வளவு தூரம் வந்தும் தூக்கத்தைப் பார்க்கப் பொறுமையில்லை. தூங்குவது போலக் கண்மூடிய பொம்மை ஒன்றைக் கொடுத்தால் எல்லோரும் கொஞ்சியிருப்பார்கள். உயிரோடு இருப்பது நம் விருப்பத்துக்கு அசையாது என்பதைப் பொறுக்க முடியாமல் போவது எனக்குக் கவலை தருகிறது. அந்தக் குட்டி அசைந்துதான் ஆகவேண்டும் என்பவர், நாளை வீட்டில் ஒரு முதியவரின் மெதுவான பேச்சை எப்படிக் கேட்பார்?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். போய்த்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொல்கிற மிருகக்காட்சி சாலையே, வீடு தேடி வரவழைக்கிற ஆசையில் பிறந்தது. ரூத் ஹார்க்னஸ் என்ற அமெரிக்கப் பெண் 1936-ல் சீனாவின் காட்டிலிருந்து சூ-லின் என்ற பாண்டாக் குட்டியைக் கொண்டுவந்தார். 1937-ல் அதைப் புரூக்ஃபீல்ட் வாங்கியது. அமெரிக்கா உயிரோடு கண்ட முதல் பாண்டா, மக்கள் அலைமோதினார்கள். 1938-ல் இறந்துவிட்டது. பாடம் செய்யப்பட்ட அதன் உடல் இன்றும் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூங்கில் காட்டுக்குப் போனால்தான் காணக்கிடைக்கும் என்றிருந்த ஓர் உயிரை நம் வாசலுக்குக் கொண்டுவந்ததன் விலை அது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. அமெரிக்க மிருகக்காட்சி சாலைகளின் கொரில்லாக்களில் பெரும்பாலானவை அங்கேயே பிறந்தவை. 1996 ஆகஸ்டில் புரூக்ஃபீல்டின் கொரில்லாத் திடலுக்குள் தவறி விழுந்த மூன்று வயதுச் சிறுவனைத் தூக்கி அணைத்து, பராமரிப்பாளர்கள் வரும் கதவருகே கொண்டுபோய் வைத்த பிந்தி ஜுவாவும் ஒஹாயோவின் கொலம்பஸ் மிருகக்காட்சி சாலையில் பிறந்தது. அந்த நேரத்தில் அதன் முதுகில் அதன் சொந்தக் குட்டி தொற்றிக்கொண்டிருந்தது. இதை நான் பேத்தியிடம் சொன்ன அன்று, அவள் கொரில்லாக்களின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவை ஒன்றும் செய்யவில்லை. ஒன்று இலையைப் பிரித்துத் தின்றது, ஒன்று முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

வெளியே வந்ததும், "பாட்டி, எனக்கு டால்ஃபின் பொம்மை வேணும்" என்றாள்.

"இன்னிக்கு டால்ஃபினைப் பார்த்தியா?"

"பாக்கல."

"எதை ரொம்ப நேரம் பார்த்தே?"

யோசித்தாள். "கொரில்லா. அது காம்பை மட்டும் தூரப் போட்டுது. அம்மா கீரை ஆயற மாதிரி."

அன்றைக்குக் கொரில்லாதான் வாங்கினோம். எந்த மிருகத்தைப் பற்றித் தன் வாயால் ஒன்று சொல்ல முடிகிறதோ அதன் பொம்மை, அதுவும் ஒன்றே ஒன்று. இதை நாங்கள் ஒரு பழக்கமாகவே வைத்துக்கொண்டிருக்கிறோம். கடலுயிர்களைக் காக்கச் சொல்கிற இடத்தில் பிளாஸ்டிக் பொம்மையா என்று மருமகன் கேட்பதும் நியாயமே. சிகாகோவின் ஷெட் உட்பட 19 அமெரிக்க மீன் காட்சியகங்கள் 2017-ல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை ஒழிக்க ஒன்றுசேர்ந்தன. அறுபது ஆண்டுக்கு முன் வார்த்த மெழுகு வாசனைப் பொம்மையை இன்னும் அலமாரியில் வைத்திருக்கும் குடும்பங்களும் அதே ஊரில் இருக்கின்றன. வைத்துக் காப்பாற்றப் போவதில்லை என்றால் வாங்கவே கூடாது என்பதில் மருமகனும் நானும் ஒரே கட்சி.

மகள் கேட்டதுதான் கடினமான கேள்வி. "போக முடிஞ்சவங்களுக்கு இதெல்லாம் சரிம்மா. டிக்கெட் வாங்க முடியாதவங்க பிள்ளைங்க என்ன பண்ணும்?" போய் நிற்பதன் அருமையை இவ்வளவு பேசுகிற நான் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதே சிகாகோவில் லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலை இருக்கிறது. நியூயார்க் சென்ட்ரல் பார்க் அன்பளிப்பாக அனுப்பிய இரண்டு ஜோடி அன்னங்களோடு 1868-ல் தொடங்கியது. இன்றும் ஆண்டின் எல்லா நாளும் நுழைவுக் கட்டணம் இல்லை. யாரும் நடந்து உள்ளே போகலாம், எவ்வளவு நேரமும் நிற்கலாம். அந்தக் கதவு திறந்தே இருப்பதில் அங்கே கடையில் சேரும் காசுக்கும் பங்கு உண்டு. அங்கே மட்டும் பேத்தி இரண்டாவது பொம்மை கேட்டாலும் நான் தடுப்பதில்லை.